சக்கரத்துக்குப் போட்ட செருப்பு

இந்த ஊரில் வேட்டி காயப்போட்டவன், அது காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் உதறிப் பார்க்கவேண்டும். உதறினால் சாம்பல் பறக்கும். அடுப்புச் சாம்பல் மாதிரி இல்லை. ஒவ்வொரு துணுக்கும் நெல்லுமியின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் ஒன்றுமில்லாமல் போய்விடும். ரங்கூன் ஆற்றங்கரை நெடுக நிற்கிற அரிசி மில்களில் உமியை எரித்துத்தான் எந்திரம் ஓட்டுகிறார்கள். நெல் படகுகள் வரத் தொடங்கியதிலிருந்து மழை பிடிக்கும் வரைக்கும் புகைபோக்கிகள் ஓய்வதில்லை. லான்மடாவில் எங்கள் தெருவில் விடிந்ததும் வாசல் பெருக்கினால், வெயில் ஏறுவதற்குள் மறுபடியும் வெள்ளையாகப் பூத்திருக்கும். கடலூரில் இருக்கும் என் அண்ணனுக்கு, இங்கே வானத்திலிருந்து உமி விழுகிறது என்று சொல்லியனுப்பினேன். தம்பி அங்கே போய்க் குடிக்கக் கற்றுக்கொண்டான் என்று அவர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாராம். நான் குடிப்பதில்லை. உமி விழுவதும் நிஜம்.

எரித்துத் தீராத உமியை மில்காரர்கள் ஆற்றோரப் பள்ளங்களில் கொட்டிவிடுவார்கள். வருஷக்கணக்காகக் கொட்டிக் கொட்டி, எங்கள் பேட்டைக்கும் மில்லுக்கும் நடுவில் ஒரு மைதானமே உண்டாகிவிட்டது. உமிக்காடு என்று நாங்கள் சொல்வோம். மேலே சாம்பல், கீழே உமி, அதற்கும் கீழே என்ன என்று இறங்கிப் பார்த்தவர் இல்லை. நடுவில் ஒற்றையடிப் பாதை ஒன்று மட்டும், ஜனங்கள் நடந்து நடந்து இறுகிப்போய்க் கிடக்கும். அதைவிட்டு ஒரு பக்கம் காலை வைத்தால் முழங்கால் வரைக்கும் போகும். இந்த உமிக்காட்டின் மேல் சோறு ஏற்றிய வண்டியை எப்படி ஓட்டுவது என்பதுதான் போன மாசி மாதம் முழுக்க என் தலையைத் தின்ற கேள்வி. என் பெண்சாதி பாக்கியத்தின் பிழைப்பே அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

நான் சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன். கடலூரில் ஒரு வாடகை சைக்கிள் கடையில் தொழில் கற்று, ஐரோப்பாவில் பெரிய சண்டை முடிந்த கையோடு பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினேன். கீழே என் பட்டறை. பின்கட்டில் பாக்கியத்தின் சாப்பாட்டுக் கடை. முதலில் துறைமுகத்து ஆட்கள் சிலபேர் சாப்பிட்டார்கள். பிறகு மில்லில் மூட்டை தூக்குகிற நம் ஆட்களுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோகும் பொறுப்பு கிடைத்தது. 'பாக்கியம் சாப்பாடு' என்று பெயரே விழுந்துவிட்டது. ஊரில் என் அண்ணி வீட்டு அடுப்படியில் அவள் அரைத்தாள், துருவினாள், வடித்தாள்; உப்பு எவ்வளவு என்பதை மட்டும் அண்ணிதான் சொல்வாள். இங்கே உப்பும் அவள் கை, புளியும் அவள் கை. முதல் வருஷம் அவள் எதற்கெடுத்தாலும் என் முகத்தைப் பார்ப்பாள். இப்போது நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். அது எனக்குப் பிடித்திருக்கிறது என்று ஊரில் சொன்னால் அதற்கும் குடி என்றுதான் சொல்வார்கள்.

மில்லுக்குச் சோறு போக ஒரு பின்வண்டி செய்திருந்தேன். உடைந்துபோன லாஞ்சா ஒன்றின் சக்கரங்கள் (ஆள் இழுக்கிற ரிக்‌ஷாவை இங்கே லாஞ்சா என்பார்கள்), மேலே ஒரு பலகைத் தட்டு, சைக்கிளின் பின்கட்டையில் மாட்ட ஒரு இரும்புக் கொண்டி. சோற்று அண்டா, குழம்புத் தூக்கு, மோர்ப்பானை எல்லாம் அதில் ஏறும். நல்ல ரோட்டில் மெத்தென்று வரும். சனியன், அந்த நல்ல ரோட்டில்தான் ரயில் கேட் இருந்தது. நெல் சீசனில் கூட்ஸ் வண்டி ஒன்று உள்ளே போகும், ஒன்று வெளியே வரும், ஒன்று சும்மா நின்று மூச்சு விடும். கேட்டுக்கு இந்தப் பக்கம் நான் நிற்கும்போது அந்தப் பக்கம் மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும். சாப்பாட்டுக்கு விடுகிற நேரமோ கொஞ்சம். நான் போய்ச் சேரும்போது பாதிப்பேர் பச்சை வாழைக்காயைப் போல முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆட்களுக்குப் பொறுப்பான சின்னையா மேஸ்திரி நம் பக்கத்து மனிதர்தான். "யோவ் வேலாயுதம், உன் சம்சாரம் கைப்பக்குவத்துக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சங்கு ஊதறப்ப சோறு எதிர்ல நிக்கணும். வெறும் வயித்தோட மூட்டைக்குக் கீழ போறவனுக்கு நான்ல பதில் சொல்லணும்" என்றார். வேறொரு சாப்பாட்டுக்காரர் வந்து பேசிவிட்டுப் போயிருந்ததும் தெரிந்தது. இதை வந்து சொன்னபோது பாக்கியம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. "மில்லு போச்சுன்னா இந்த வாடகைக்குக் கடை நிக்காதுங்க. கப்பல் ஏறிட வேண்டியதுதான். உங்க அண்ணி அடுப்படியில என் மணைக்கட்டை இன்னும் காலியாத்தான் கிடக்கும்" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

ஆகவே உமிக்காடு. அதன் வழியாகப் போனால் கேட்டே இல்லை. சைக்கிள் ஒற்றையடிப் பாதையில் ஓடிவிடும். பின்வண்டியின் சக்கரங்கள் இரண்டும் பாதைக்கு இரு பக்கமும் உமியில் இறங்கிவிடும். ஒருநாள் மாலை வெறும் வண்டியோடு போய்ப் பார்த்தேன். அச்சு வரைக்கும் புதைந்து, நான் சைக்கிள் மேல் உட்கார்ந்தபடியே நின்றுவிட்டேன். அப்போது மில்லின் இஞ்சினியர் துரை அந்தப் பக்கம் நடந்து வந்தார். ஸ்காட்லாந்துக்காரர் என்று சொல்வார்கள். என் நிலைமையை ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்துவிட்டு, அவருக்குத் தெரிந்த இந்துஸ்தானியிலும் எனக்குத் தெரிந்த சைக்கிள் கடை இங்கிலீஷிலுமாகப் பேசினார். தன் ஊரில் மாதக்கணக்கில் தரை வெள்ளையாகிவிடும், சக்கரம் இப்படித்தான் புதையும் என்றார். அதன் பெயர் ஸ்னோ என்றார். எனக்கு உடனே ஆர்வம் வந்துவிட்டது. "அவ்வளவு உமியை எந்த மில் எரிக்கிறது?" என்று கேட்டேன். துரை யோசித்துவிட்டுக் கையை மேலே காட்டினார். வானத்திலிருந்து விழுகிறதாம். இங்கேயும் அப்படித்தானே என்று நானும் தலையை ஆட்டினேன். இரண்டு பேருக்கும் பரம திருப்தி. பிறகு கைத்தடியால் சாம்பலில் ஒரு படம் போட்டார்: வண்டி, அதன் கீழே சக்கரத்துக்குப் பதில் இரண்டு நீளப் பலகை, பலகையின் மூக்கு மேலே வளைந்திருக்கிறது. படத்தைப் பார்த்ததும் அது என்ன வேலை செய்யும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ஸ்னோ என்ன என்பதுதான் புரியவில்லை.

புரியாததை விட்டுவிடுகிற குணம் என்னிடம் இல்லை. அது குளிர்ச்சியான சாமான் என்று துபாஷி ஒருவர் சொன்னதைக் கேட்டு ஐஸ் டிப்போவுக்குப் போனேன். அங்கே ஐஸ் பாளங்களை உமிக்குள்தான் புதைத்து வைத்திருந்தார்கள். ஒரு பாளத்தை ஆள் இழுக்கும்போது அது உமியின் மேல் புதையாமல் வழுக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். கனமான சாமான், ஆனால் அடி அகலம், அடி வழவழப்பு. அதுதான் சூட்சுமம். வீட்டுக்கு வந்து பாக்கியத்திடம், துரை ஊரில் தரை முழுக்க இந்த ஐஸைத் தூளாக்கி இறைத்திருக்குமாம் என்றேன். "சோத்தை எங்க வெச்சு வடிப்பாங்க?" என்று கேட்டாள். அது எனக்குத் தோன்றாத கேள்வி.

முதலில் பெட்டிப் பலகை இரண்டை எடுத்துச் சக்கரங்களுக்கு அடியில் கட்டிப் பார்த்தேன். மூக்கு வளையாத பலகை. கரண்டி மாதிரி உமியை அள்ளி அள்ளி எடுத்துத் தட்டின் மேலேயே கொட்டியது. சோற்று அண்டா இருந்திருந்தால் அன்றைக்கு எல்லோருக்கும் உமிச்சோறு. வளைந்த மரம் வேண்டுமே என்று லான்மடாவில் கடை கடையாக அலைந்தபோது, சீனத்துத் தச்சர் ஒருவரின் கடையின் பின்னால் அது கிடந்தது. பழைய நெல் படகின் முகப்புப் பலகை. ஒரே தேக்கு மரம். என் நெஞ்சளவு நீளம். நுனி அழகாக மேலே எழும்பி வளைந்திருந்தது. துரை சாம்பலில் போட்ட படத்தைப் பார்த்துச் செதுக்கினதுபோல இருந்தது. நுனியில் ஒரு துளை, அதில் ஒரு இற்றுப்போன நூலும் காய்ந்த இலைக்காம்பும். "பர்மாக்காரன் யாரும் வாங்க மாட்டான், விறகுக்கு வச்சிருக்கேன், நீ எடுத்துட்டுப் போ" என்று தச்சர் ஏறக்குறைய சும்மாவே கொடுத்தார். இவ்வளவு நல்ல மரத்தின் அருமை இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டே நூலைப் பிய்த்து எறிந்தேன். பலகையை நடுவில் நெடுக அறுத்து இரண்டாக்கினேன். அடியில் இழைத்து, மெழுகுவத்தியைச் சூடுகாட்டித் தேய்த்தேன். மேலே சக்கரம் உட்காரக் கட்டை வைத்து, தோல்வார் கட்டினேன். ரோட்டில் கழற்றித் தட்டில் போட்டுக்கொள்ளலாம். உமிக்காடு வந்ததும் மாட்டிக்கொள்ளலாம்.

புது வண்டிக்கு என்ன செய்வோமோ அதையும் செய்தேன். கடலூர்க் கடையில் ஆயுத பூஜை அன்றைக்கு முதலாளி சைக்கிளின் கைப்பிடியைக் கவனிக்க மாட்டார். சக்கரத்துக்குத்தான் முதல் சந்தனம். தரையைத் தொட்டு உழைக்கிறது அதுதான் என்பார். ஸ்பேனரும் சுத்தியலும் சக்கரமும் வாழையிலைமேல் சாமி மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்தப் பழக்கத்தில் பலகைகளின் அடியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். எலுமிச்சம்பழம் ஒன்றை ஒவ்வொன்றுக்கும் அடியில் வைத்து நசுக்கினேன். இனி திருஷ்டி இல்லை என்று பாக்கியமும் நிம்மதியானாள்.

உமிக்காட்டுக்குப் போகிற சந்து, படகுக்கார ஜனங்களின் குடிசைகளுக்கு நடுவே போகிறது. சந்தின் வாயில் ஒரு மூங்கில் படல். அதன் பக்கத்தில் டோ மியா என்ற அம்மாள் வெற்றிலைக் கடை வைத்திருக்கிறார். அந்தச் சந்தில் முதலில் குடிசை போட்டவர் அவர்தான். படலைத் திறப்பதும் சாத்துவதும் அவர் கை. பாக்கியம் அவரிடம்தான் வெற்றிலை வாங்குவாள்; என்னைவிட நன்றாகப் பர்மி பேசக் கற்றதும் அவரிடம்தான். முதல்நாள் நான் வண்டியை நிறுத்திப் பலகைகளை மாட்டும்போது அந்த அம்மாள் சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். எனக்குத் தெரிந்த பர்மியில், பெருமை தாங்காமல் சொன்னேன்: "அமே, இது சக்கரத்துக்கு ஃபனா." அமே என்றால் அம்மா. ஃபனா என்றால் செருப்பு. டோ மியா சிரித்தார். "கௌண்டே" என்றார். நல்லது என்று அர்த்தம். நானும் நல்லது என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு வண்டி போனதைச் சொல்லவேண்டும். சைக்கிள் பாதையில், பலகைகள் இரு பக்கமும் உமியின் மேல். 'சர்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அண்டாவின் கனம் என் காலுக்கே தெரியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே மிதித்தேன். சங்குக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்து, நானே சங்குக்காகக் காத்திருந்தேன். ஆவி பறக்கச் சோறு விழுந்தது. சின்னையா மேஸ்திரி குழம்பை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

மறுநாள் படல் சாத்தியிருந்தது. டோ மியாவைக் கூப்பிட்டேன். வந்தார், சிரித்தார். கயிறு அறுந்துவிட்டது, நாளைக்குச் சரியாகிவிடும் என்றார். திரும்பி ரோட்டு வழியாகப் போனேன், கேட் மூடியிருந்தது, சோறு தாமதம். அடுத்த நாள் நாய் குட்டி போட்டிருக்கிறது, வண்டி போனால் பயந்துவிடும் என்றார், அதே சிரிப்போடு. அதற்கடுத்த நாள் எதுவும் சொல்லவில்லை. வெற்றிலை மடித்துக் கொடுத்து, உன் சம்சாரம் சுகமா என்றார். வழிக்குக் கூலி எதிர்பார்க்கிறாரோ என்று சூசகமாகக் கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. ஆனால் சிரிப்பு போகவில்லை. கருவாட்டுக் குழம்பின் வாசனை பிடிக்கவில்லையோ என்று பார்த்தால், இவர்கள் சாப்பிடுகிற ஙப்பி என்ற ஊறல் மீன் விழுதுக்கு முன்னால் நம் கருவாடு பன்னீர். சத்தமும் இல்லை, தூசியும் இல்லை. நம் ஊராக இருந்தால் முதல் நாளே யாராவது வண்டிக்கு முன்னால் வந்து நின்று, என் பரம்பரையையே இழுத்து, நான் பதிலுக்கு இழுத்து, சாயங்காலத்துக்குள் காப்பி குடித்திருப்போம். இந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. கோபம் கோபமாக வந்தது.

பாக்கியத்துக்கும் கோபம்தான், என்மேல். "அவங்க நல்ல மனுஷி. நீங்க ஏதோ பண்ணியிருக்கீங்க."

"என்ன பண்ணினேன்? செருப்பு மாட்டினேன், போனேன், வந்தேன்."

"போய்ப் பாருங்க. எதையாவது உத்து உத்துப் பாப்பீங்களே, இதைப் பாருங்க."

அன்றைக்கும் கேட்டில் நின்று, ஆறின சோற்றோடு போய்ச் சேர்ந்தேன். மேஸ்திரி சத்தம் போடவில்லை. "நாளைக்கும் சங்குக்குப் பின்னால வந்தியானா, நாளன்னைக்கு நீ வரவேணாம். மனசுல வெச்சுக்காத" என்றார். பாத்திரங்களைக் கழுவிவிட்டு, வீட்டுக்குப் போகக் கால் வராமல் மில் துறையில் உட்கார்ந்துவிட்டேன். நெல் படகுகள் கரையை முட்டிக்கொண்டு நின்றன. ஆட்கள் கூடையோடு இறங்க, படகின் விலாப் பக்கத்தில் பலகை போட்டிருந்தது. ஒரு படகில் முகப்பில் ஏறி இறங்குவதுதான் குறுக்கு வழி. ஆனாலும் எல்லோரும் சுற்றிக்கொண்டு விலா வழியாகவே போய்வந்தார்கள். இது என்ன கூத்து என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது புதிதாக வேலைக்கு வந்த நம் ஆள் ஒருவன், கூடையோடு படக்கென்று முகப்பில் காலை வைத்துக் கரைக்குத் தாவினான். படகுக்காரர் அவனைப் பார்த்தார். சிரித்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெதுவாக எழுந்துபோய் இறங்குபலகையை உள்ளே இழுத்துக்கொண்டார். அவன் வேறு படகுக்குப் போகும் வரைக்கும் அங்கே ஒரு மணி நெல் இறங்கவில்லை.

டோ மியாவின் சிரிப்பு இதுதான். நான் எழுந்து கிட்டே போனேன். படகுக்காரரின் மனைவி முகப்பின் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். பிறகு தபியே என்கிற தழையை ஒரு கொத்து எடுத்து, நுனியில் இருந்த துளையில் நூலைக் கோத்துக் கட்டினார். துளை. நூல். இலைக்காம்பு. தச்சர் கடைப் பலகையிலிருந்து நான் பிய்த்து எறிந்தது. இது என்ன என்று கேட்டேன். நாட் இருக்கிற இடம் என்றார். நாட் என்றால் காவல் தெய்வம். பிறகு நான் வெளியூர்க்காரன் என்பதால் இன்னும் தெளிவாகச் சொல்ல நினைத்து, ஒரு கையை முகப்பின் மேலும் மற்றக் கையைத் தன் உச்சந்தலை மேலும் வைத்துக் காட்டினார். படகின் தலை. அதை நான் நெடுக அறுத்து, மெழுகு பூசி, செருப்பாக்கி, அவர்கள் சந்துக்குள்ளேயே உழுதுகொண்டு போயிருக்கிறேன். செருப்பு என்று வாயாலும் சொல்லியிருக்கிறேன்.

கடைக்கு ஓடினேன். பாக்கியம் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுல போய் எலுமிச்சம்பழம் வேற நசுக்கினோமே" என்றாள். எங்களுக்கு அது மரியாதை. தரையைத் தொடுகிறதற்குத்தான் பூஜை. இவர்களுக்குத் தலைக்குத்தான். யார் சரி என்று கேட்டால், நான் இரண்டு பக்கமும் சாட்சி சொல்வேன். அதை உட்கார்ந்து யோசிக்கத்தான் நேரமில்லை. வார்களை அவிழ்த்தேன். வெந்நீர்த் துணியால் மெழுகை எடுத்தேன். பாக்கியம் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினாள். இரண்டு பாதியையும் சேர்த்து வைத்து, இரும்புப் பட்டை போட்டு மறைதிருகாணியால் இறுக்கினேன். என் கையில் இருந்த திறமை அத்தனையும் அதில் போட்டேன். ஆனாலும் ரம்பம் தின்ற மரம் தின்றதுதானே. நடுவில் ஒரு கோடு நின்றுவிட்டது. பாக்கியத்தின் கை பழக்கத்தில் சந்தனக் கிண்ணத்துக்குப் போய், பாதியில் நின்றது. "அவங்க சாமிக்கு நம்ம சந்தனம் ஆகுமோ, ஆகாதோ" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

எப்படிக் கொண்டுபோவது என்பது அடுத்த கேள்வி. கக்கத்தில் இடுக்கக் கூசியது. வண்டியில் போட முடியாது. சும்மாடு கூட்டி, பலகையைத் தலையில் வைத்துக்கொண்டேன். பொழுது சாயும் நேரம். லான்மடாவில் தெரிந்தவர்கள் எல்லோரும் வாசலில் நிற்கிற நேரம். பாக்கியம் முன்னே நடந்தாள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். சந்துக்குள் நுழைந்ததும் குடிசைகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு இல்லாதது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது.

டோ மியா படலண்டை நின்றார். பலகையை இறக்கி அவருடைய கட்டில்மேல் வைத்தேன். அவர் குனிந்து, நடுவில் இருந்த கோட்டை விரலால் நுனி முதல் அடி வரை தடவிப் பார்த்தார். பிறகு பர்மியில் மெதுவாகப் பேசினார். என் பர்மிக்கு எட்டாததைப் பாக்கியம் சொன்னாள்.

"வளைஞ்ச பலகை வேணும்னா எங்களைக் கேட்டிருக்கலாமே, கோ வேலு." (இங்கே ஆண்களின் பெயருக்கு முன்னால் மரியாதைக்குக் கோ போடுவார்கள்.)

"நீங்க சொல்லியிருக்கலாமே, அமே. ஒரு வார்த்தை."

"அ-நா-டே" என்றார் அவர்.

இந்த ஊருக்கு வந்தவர்கள் எல்லோரும் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். நான் அன்றைக்குத்தான் கேட்டேன் என்று சொல்லவேண்டும். உன் மனம் நோகுமே என்று என் வாய் வரவில்லை என்பதுபோல அர்த்தம். அத்தனை நாளும் படலைச் சாத்திக்கொண்டு அந்த அம்மாள் என்னைத் தண்டித்ததாக நினைத்தேன். அவர் எனக்காகக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது; சாம்பல் விழுந்ததாகச் சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

பலகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். டோ மியா யோசித்தார். படகு போய்விட்டது, நாட் இன்னும் இதில் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தனக்குத் தெரியாது என்றார். தெரியாதபோது மரியாதையாக வைத்திருப்பதுதான் நல்லது; உன் வண்டிக்கு முன்னால் வை, வண்டிக்கும் ஒரு தலை வேண்டுமல்லவா என்றார். பிறகு குடிசைக்குப் பின்னாலிருந்து இரண்டு விலாப் பலகைகளை இழுத்துவரச் செய்தார். படகின் பக்கவாட்டில் இருந்தவை, வளைந்தவை, எத்தனையோ பேர் மிதித்து இறங்கி வழவழப்பானவை. "இது கால் வைக்கிற மரம். இதுக்குச் செருப்பு போட்டாலும் சரி, இதையே செருப்பா போட்டாலும் சரி" என்றார். அதைப் பாக்கியம் எனக்குச் சொல்லும்போது இரண்டு பேருமே சிரித்தார்கள். இது வேறு சிரிப்பு. வித்தியாசம் எனக்கே தெரிந்தது.

மறுநாள் காலை பட்டறையைத் திறக்காமல் அதே வேலையாக இருந்தேன். பாக்கியம் குழம்பை இறக்கும்போது நான் கடைசித் திருகாணியைத் திருகினேன். முகப்புப் பலகை தட்டுக்கு முன்னால், அண்டாவுக்கு மேலே, நுனி வானத்தைப் பார்த்தபடி நின்றது. சந்து வாயில் படல் திறந்திருந்தது. டோ மியா ஒரு கொத்துத் தபியே தழையைத் துளையில் கட்டினார். அவரே பாக்கியத்தைப் பார்த்து, உங்கள் வழக்கத்தையும் செய் என்று கையைக் காட்டினார். பாக்கியம் மடியில் முடிந்து வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துப் புதுப் பலகைகளுக்கு அடியில் வைத்தாள். நான் மிதித்தேன். பழம் நசுங்கியது, தழை ஆடியது, வண்டி உமியின் மேல் வழுக்கிக்கொண்டு போயிற்று. பாதிக்காட்டில் இருக்கும்போது மில்லின் சங்குக் குழாயிலிருந்து ஆவி கிளம்புவதைப் பார்த்தேன். சங்கு ஊதப்போகிறது என்று அர்த்தம். இவ்வளவு வேகமாக நான் என் வாழ்நாளில் மிதித்ததில்லை. சங்கு ஊதி ஓய்வதற்குள் கொட்டகை வாசலில் வண்டி நின்றது. எனக்கு மூச்சு வரவில்லை. அண்டாவிலிருந்து ஆவி வந்தது.

சின்னையா மேஸ்திரி மூடியைத் தூக்கிப் பார்த்தார். பிறகு வண்டியை முன்னும் பின்னுமாகச் சுற்றி வந்தார். "யோவ், இது என்னய்யா, வண்டியா படகா?"

"எனக்கே சரியாத் தெரியல மேஸ்திரி" என்றேன்.

"சரி, சங்குக்கு வந்துடுச்சு. அது போதும்" என்று பந்தியில் உட்கார்ந்தார். இஞ்சினியர் துரையும் வந்து பார்த்தார். கீழே இருந்த பலகைகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். முன்னால் தழையோடு நிற்கிற மரம் எதற்கு என்று கேட்டார். சொல்லிப் பார்த்தேன். உங்கள் ஸ்னோவில் இது தேவைப்படாது என்று முடித்துக்கொண்டேன்.

மில் சாப்பாடு இன்றுவரை பாக்கியத்தின் கையில்தான் இருக்கிறது. போன கப்பலில் வந்த கடலூர்க்காரர் ஒருவர் அண்ணன் சொல்லியனுப்பியதைச் சொன்னார்: வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கென்று ஒரு அறை கட்டியிருக்கிறாராம், எப்போது வருகிறீர்கள் என்று கேட்டாராம். பாக்கியம் அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே, "அக்கா அடுப்படியில இப்ப யாரு உப்பு போடுறாங்க?" என்று கேட்டாள். அக்காதான் என்றார் அவர். சரி என்று குழம்பு ஊற்றினாள். எனக்கு அண்ணனைப் பார்க்கவேண்டும்போல் இருந்தது; அதுவும் உண்மை.

அவர் போன பிறகு வண்டியைத் துடைக்கப் போனேன். முகப்பில் அந்தக் கோடு இருக்கிறதே, மழைக்காலத்தில் மரம் ஊறிக்கொண்டால் அது தெரிவதில்லை. அறுத்த பலகை என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். வெயில் ஏறி நெல் படகுகள் வரத் தொடங்கியதும் மரம் காய்ந்து, கோடு மறுபடியும் மெல்ல வாய் திறக்கும். இப்போது திறந்திருக்கிறது. அதற்குள் கொஞ்சம் சாம்பல் இறங்கியிருந்தது. பாக்கியம் புடவைத் தலைப்பை விரலில் சுற்றி, நுனியிலிருந்து அடி வரை அதைத் துடைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை படி அரிசி போடுவது என்று கேட்டாள்.